லீவு விட்டாச்சு, மாத்திரைக்குமா?

ஏப்ரல் கடைசியில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் புத்தகப் பையை மூலையில் வீசும் நாளில், சில வீடுகளில் மட்டும் ஒரு கேள்வி எழும். காலை இட்லியோடு ஒரு மாத்திரையும் தட்டுக்கு வருகிற வீடுகள் அவை. "ஸ்கூல்தான் இல்லையே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று பாட்டி கேட்பார். அப்பாவுக்கும் அந்த எண்ணம் உள்ளூர ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அம்மாதான் முடிவெடுக்கிறார். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே மே மாதம் மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது, ஜூனில் பள்ளி திறக்கும்போது திரும்ப வெளியே வருகிறது. அடுத்த முறை போகும்போது சொன்னால்தான் மருத்துவருக்கே தெரியும். பாட்டி கேட்பது தப்பான கேள்வி அல்ல; உலகெங்கும் குழந்தை மனநல மருத்துவர்கள் ஐம்பது ஆண்டுகளாக விவாதிக்கிற கேள்விதான். ஆனால் அதற்கான பதிலைப் பள்ளி நாட்காட்டியில் தேடுவதில்தான் சிக்கல். மருந்தைக் கொடுப்பது எப்படி ஒரு சிகிச்சை முடிவோ, அதேபோல் நிறுத்தி வைப்பதும் ஒரு சிகிச்சை முடிவு. எதற்காக நிறுத்துகிறோம், எத்தனை நாளைக்கு, எதை அளந்து பலனைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் நிறுத்திப் பார்க்கலாம். 'லீவு' என்ற ஒன்று மட்டுமே காரணம் என்றால் நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி.

இது பள்ளிக்கூடத்து மருந்து என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மருந்து பிறந்த கதையிலேயே அது இருக்கிறது. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடத்தைப் பிரச்சினை உள்ள குழந்தைகளுக்கான ஒரு மருத்துவமனையில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், 30 குழந்தைகளுக்கு ஒரு வாரம் பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்தார். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வகுப்பறையில் ஆளே மாறியதுபோல் உட்கார்ந்து பாடம் செய்தார்கள். பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1944-இல் சுவிட்சர்லாந்தில் சீபா நிறுவனத்தின் லியாண்ட்ரோ பனிஸ்ஸோன் உருவாக்கிய மெத்தில்ஃபெனிடேட், பிற்பாடு 'ரிட்டாலின்' என்ற பெயரில் உலகைச் சுற்றியது. ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு–மிகையியக்கக் கோளாறுக்கு நம் ஊரிலும் அதிகம் எழுதப்படுவது இதுதான். வகுப்பறையில் தெரிந்த பலனால் புகழ்பெற்ற மருந்து என்பதால், வகுப்பறை மூடினால் அதற்கும் வேலை முடிந்தது என்று தோன்றுவது இயல்பு. கோளாறோ வகுப்பறையோடு நிற்பதில்லை. யோசிக்காமல் சாலையில் பாய்வது, விளையாட்டில் தன் முறை வரும்வரை பொறுக்க முடியாமல் அடிதடியில் இறங்குவது, பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் நாலு முறை எழுந்து ஓடுவது எல்லாம் அதே கோளாறின் முகங்கள்தான். இவற்றுக்கு மே மாதம் லீவு கிடையாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, வீட்டில் இருக்கும் மாத்திரை எது என்பது. 'நடத்தைக்கான மருந்து' என்று பொதுவாகச் சொன்னாலும் அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து மருந்துகள் இருக்கின்றன. மெத்தில்ஃபெனிடேட் வேகமாக வந்து வேகமாகப் போகிற மருந்து. சாதாரண மாத்திரை மூன்று, நான்கு மணி நேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். இன்று காலை போட்டது நாளைக் காலைக்குள் உடலில் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். எனவே இதில் மட்டும்தான் வார இறுதி இடைவெளி, விடுமுறை இடைவெளி என்ற பேச்சுக்கே இடம் இருக்கிறது. அட்டாமாக்செட்டின் அப்படி அல்ல. அது தினமும் சேர்ந்து சேர்ந்து, முழுப் பலனைக் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் எடுத்துக்கொள்ளும். மே மாதம் நிறுத்தி ஜூன் முதல் வாரம் தொடங்கினால், ஜூலை நடுவில்தான் பிள்ளை பழைய நிலைக்கு வரும். அதற்குள் புது வகுப்பு ஆசிரியர் அவனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பார். க்ளோனிடின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அது அடிப்படையில் இரத்த அழுத்த மருந்து. படபடப்புக்கும் தூக்கத்துக்கும் நரம்பு வெட்டுக்கும் குழந்தைகளுக்குத் தருகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கட்டுக்கடங்காத கோபத்துக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோனைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெடலாம், எரிச்சல் கூடலாம், சில குழந்தைகளுக்கு வாயிலும் கைகால்களிலும் தன்னிச்சையான அசைவுகள்கூட வரலாம். வலிப்புக்கும் சேர்த்து வால்புரோயேட் வாங்கும் குழந்தைக்கு அதை நிறுத்தினால் வலிப்பே வந்துவிடக்கூடும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு லீவில் மாத்திரை நிறுத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லை என்ற தகவல் உங்கள் குழந்தைக்கு எந்த விதத்திலும் பொருந்தாமல் போவது இதனால்தான். அட்டையின் பின்புறம் இருக்கும் மூலப்பெயரைப் படிக்காமல் இந்தப் பேச்சைத் தொடங்கவே கூடாது.

மெத்தில்ஃபெனிடேட்டுக்கு இடைவெளி விடலாம் என்போரின் வலுவான வாதம் வளர்ச்சி. மதியச் சாப்பாட்டு டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருவது இந்த வீடுகளில் வாடிக்கை. மருந்து பசியைக் குறைக்கிறது. பையனுக்கு இரவு எட்டு மணிக்கு மேல்தான் வயிறு கேட்க ஆரம்பிக்கும். ஆண்டுக்கணக்கில் இப்படிப் போனால் எடையிலும் உயரத்திலும் தெரியுமா என்றால், தெரியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 579 குழந்தைகளைச் சேர்த்து நடத்திய, எம்டிஏ என்று அறியப்படும் பெரிய ஆய்வின் தொடர்ச்சியில், மூன்று ஆண்டு மருந்து எடுத்த குழந்தைகள் எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 2 சென்டிமீட்டர் குட்டையாகவும் 2.7 கிலோ எடை குறைவாகவும் இருந்தார்கள். கோடையில் நிறுத்தினால் இதை ஈடுகட்டலாமா என்பதை 1988-இல் வெளியான ரேச்சல் க்ளைன் குழுவின் ஆய்வு நேராகவே சோதித்தது. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கோடையில் மருந்தைத் தொடர்ந்தார்கள், மறு பிரிவுக்கு நிறுத்தினார்கள். ஒரு கோடை நிறுத்தியதில் எடை கூடியது, உயரத்தில் வித்தியாசமில்லை. இரண்டு கோடைகள் நிறுத்தியவர்கள் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் கூடுதலாக இருந்தார்கள். ஆனால் 2020-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், எடை குறைந்த குழந்தைகளுக்கு இடைவெளி விட்டபோது எடை தேறியது, உயரத்தின் வேகம் கூடவில்லை. கூடுதல் கலோரி கொடுத்த குழந்தைகளுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான்.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இதுதான். பையனின் எடை நின்றுவிட்டது, வளர்ச்சி அட்டவணையில் அவன் கோடு கீழே இறங்குகிறது என்றால் கோடை இடைவெளி நல்ல மருந்து. எடைக்கு அது உறுதியாக உதவும், உயரத்துக்கு உதவக்கூடும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: மருந்தால் உயரம் கணிசமாகப் பாதிக்கப்பட்டால் பள்ளி விடுமுறையில் திட்டமிட்ட இடைவெளியை யோசிக்கலாம். 'திட்டமிட்ட' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. அதே வழிகாட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளக்கச் சொல்கிறது, பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை பார்க்கச் சொல்கிறது. அளந்தே பார்க்காத வீட்டில், இடைவெளி எதைச் சரிசெய்யப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? நன்றாகச் சாப்பிட்டு, வயதுக்கேற்ற எடையோடு வளர்கிற குழந்தைக்கு வளர்ச்சியைக் காரணம் காட்டி மாத்திரையை நிறுத்துவது, இல்லாத நோய்க்கு வைத்தியம் செய்வது.

எதிர்ப்பக்கத் தராசில் இருப்பது விடுமுறையின் ஆபத்து. இதைப் பெற்றோர் குறைவாகவே எடை போடுகிறார்கள். பள்ளி நாளில் ஏடிஎச்டி உள்ள பிள்ளை எட்டு மணி நேரம் சுவருக்குள், பெரியவர்கள் கண்பார்வையில், மணியடித்தால் அடுத்த வேலை என்ற ஒழுங்கில் இருக்கிறது. ஊருக்குப் போனால் தோட்டத்துக் கிணறு, ஏரி, வாய்க்கால், மொட்டை மாடி, சித்தப்பாவின் பைக் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். கோடை விடுமுறையில் நீர்நிலைகளில் மூழ்கிப் பிள்ளைகள் இறந்த செய்தி ஒவ்வொரு மே மாதமும் நம் நாளிதழ்களில் வருகிறது. 'குதிச்சா என்ன ஆகும்' என்ற அரைநொடி யோசனையைத்தான் இந்தக் கோளாறு பறிக்கிறது, அந்த அரைநொடியைத்தான் மருந்து திருப்பித் தருகிறது. டென்மார்க்கில் 1990-களில் பிறந்த 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தேசியப் பதிவுகளை வைத்து 2015-இல் வெளியான ஆய்வில், ஏடிஎச்டிக்கு மருந்து எடுத்த பிள்ளைகளிடம் காயங்கள் 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தன. பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு என்பதால் மருந்து மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; ஆனாலும் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. எனவே பிள்ளை மே மாதம் எங்கே இருக்கப் போகிறான், யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, வயதான தாத்தா பாட்டியிடம் ஒரு மாதம் விடப் போகிற பையனுக்கு மருந்தையும் நிறுத்தி அனுப்புவது இரட்டைச் சுமை. வேறு சில வீடுகளில் விடுமுறை என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். காலையில் நீச்சல், பத்து மணிக்கு அபாகஸ், மாலையில் அடுத்த வகுப்புக்கான டியூஷன் என்று போகிற பிள்ளைக்குப் பள்ளி எங்கே மூடியது?

அப்படியானால் ஒரு நாளும் நிறுத்தவே கூடாதா என்றால், அந்தக் கட்சிக்கும் நான் ஆள் இல்லை. சில மருத்துவர்கள், 'லீவு விட்டால் கண்ணாடியைக் கழற்றி வைப்பீர்களா?' என்று பெற்றோரைக் கேட்பதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் சரி. கண்ணாடி பசியைக் கெடுப்பதில்லை, தூக்கத்தைத் தள்ளிப் போடுவதில்லை. பார்வைக் குறைபாடு பெரும்பாலும் வயதோடு தானாகத் தேறுவதுமில்லை. ஏடிஎச்டியில் சிலருக்கு அறிகுறிகள் வயதாக ஆகத் தணிகின்றன. மெத்தில்ஃபெனிடேட்டை இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்துவந்த 94 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்கு அவர்களுக்கே தெரியாமல் மருந்தைக் குறைத்துக் குறைத்து வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். ஏழு வாரத்தில் அவர்களில் 40 சதவீதம் பேர் மோசமானார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் 16 சதவீதம். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இது சாட்சி. அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால், நிறுத்தப்பட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் மோசமாகவில்லை. அந்த ஆறு பேரில் நம் பிள்ளையும் ஒருவனாக இருக்கலாம் என்ற சாத்தியத்தைச் சோதிக்காமலே வருடக்கணக்கில் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே போவதும் நல்ல வைத்தியம் ஆகாது. பிரேசிலில் 40 குழந்தைகளை வைத்து 2004-இல் வெளியான சிறிய ஆய்வில், வார இறுதியில் மட்டும் வெற்று மாத்திரை கொடுத்தபோது தூக்கமும் பசியும் தேறின, அறிகுறிகள் பெரிதாகக் கூடவில்லை. ஆக, இடைவெளி என்றாலே ஆபத்து என்று பயமுறுத்தவும் வேண்டியதில்லை.

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் இரண்டு ஆட்சேபங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்று, விடாமல் கொடுத்தால் அடிமையாகிவிடுவான் என்பது. மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதும், சீட்டில்லாமல் மருந்துக் கடையில் தரமாட்டார்கள் என்பதும் இந்தப் பயத்துக்குத் தீனி போடுகின்றன. 15 ஆய்வுகளில் 2,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2013-இல் தொகுத்தபோது, சிறுவயதில் இந்த மருந்து எடுத்தவர்களிடம் பிற்காலத்தில் குடியோ போதைப் பழக்கமோ கூடவில்லை, குறையவும் இல்லை. எனவே அடிமையாகாமல் இருக்க ஒரு மாதம் ஓய்வு என்ற கணக்குக்கு அடிப்படை கிடையாது. இரண்டாவது, 'மாத்திரை போட்டா புள்ள பொம்மை மாதிரி உக்காந்திருக்கான், லீவுலயாவது சிரிச்சு விளையாடட்டும்' என்பது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அது லீவுக்கான காரணம் அல்ல, உடனே மருத்துவரிடம் போவதற்கான காரணம். சரியான அளவில் கொடுத்தால் பிள்ளை சிரிப்பான், சண்டை போடுவான், குறும்பும் செய்வான். பொம்மைபோல் ஆகிறான் என்றால் அளவு அதிகம், அல்லது மருந்து அவனுக்கு ஒத்துவரவில்லை. பதினொரு மாதம் பொம்மையாக வைத்திருந்து ஒரு மாதம் விடுதலை கொடுப்பது என்ன நியாயம்?

இந்த விவாதத்தில் நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. மே மாதம் மாத்திரை இல்லாமல் பிள்ளை நன்றாகவே இருந்தான், ஆகவே இனி மாத்திரையே தேவையில்லை என்று ஜூனில் எடுக்கப்படும் முடிவு அது. விடுமுறையில் பத்து மணிக்கு எழுந்து, பிடித்ததைச் சாப்பிட்டு, கிரிக்கெட்டும் செல்போனுமாகப் பொழுது போக்குகிற எந்தப் பிள்ளைதான் நன்றாக இருக்க மாட்டான்? பிடித்த வேலையில் ஏடிஎச்டி உள்ள பிள்ளை மணிக்கணக்கில் மூழ்குவான். பிடிக்காத வேலையில் பத்து நிமிடம் நிற்க முடியாததுதான் பிரச்சினை. அந்தப் பிடிக்காத வேலையே இல்லாத மாதத்தில் சோதித்துவிட்டுத் தேர்ச்சி கொடுப்பது, தேர்வே வைக்காமல் மதிப்பெண் போடுவது. எடை தேறுகிறதா, தூக்கம் சரியாகிறதா, பக்கவிளைவு என்று நினைத்தது மருந்தால்தான் வந்ததா என்று தெரிந்துகொள்ள விடுமுறை நல்ல காலம். மருந்து இன்னும் தேவையா என்று தெரிந்துகொள்ள அது மோசமான காலம்.

எப்படி முடிவெடுத்தாலும் பேச்சு ஏப்ரலிலேயே நடக்க வேண்டும். கடைசித் தேர்வுக்கு முன் மருத்துவரைப் பார்த்து, அன்றைய உயரத்தையும் எடையையும் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். நிறுத்துவதானால் எந்தத் தேதியில், எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்று எழுதி வாங்க வேண்டும். நீண்ட நாள் எடுத்துவந்த பிள்ளை மெத்தில்ஃபெனிடேட்டை நிறுத்தினாலும் முதல் சில நாள் அசதியும் சிடுசிடுப்பும் இருக்கக்கூடும், சிலருக்கு மனச்சோர்வு தலைகாட்டும். அதற்கு அடி உதவாது, மருத்துவருக்கு ஒரு போன் உதவும். தொடர்வதானால் விடுமுறையில் கெடுவது நேரம்தான். பள்ளி நாளில் ஏழரை மணிக்குப் போன மாத்திரை லீவில் பத்தரைக்குப் போகிறது. மெதுவாகக் கரையும் வகை என்றால் இரவு பத்தரை வரை அதன் வேலை ஓடும். நள்ளிரவு தாண்டியும் பையன் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பதைச் செல்போன் கணக்கில் எழுதிவிடுகிறோம்; கொஞ்சம் மாத்திரைக் கணக்கிலும் எழுத வேண்டும். இந்த வகை மாத்திரையை மெல்லவோ உடைக்கவோ கூடாது என்பதை ஊரில் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடமும் சொல்லி அனுப்புங்கள். சிறு ஊர்களின் மருந்துக் கடையில் இது கிடைப்பது அரிது என்பதால் போகும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் கணக்குப் போட்டு, சீட்டின் நகலோடு எடுத்துப் போக வேண்டும். மே மாத வெயிலில் காருக்குள் விட்டுவிடவும் கூடாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மாமா வீட்டுக்குப் போவதானால், அங்கே இது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. முன் அனுமதி வாங்காமல் பெட்டியில் வைத்தால் விமான நிலையத்திலேயே சிக்கல்.

பத்து, பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளையிடம் கேட்காமல் இதையெல்லாம் முடிவு செய்வது சரிவராது. 'மாத்திரை போடாத நாளில் உனக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்டால், நாம் எதிர்பார்க்காத பதில் வரும். சிலர் தலை லேசாக இருக்கிறது என்பார்கள். சிலர், விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்பார்கள். இரண்டும் மருத்துவருக்குத் தேவையான சேதிதான்.

கோடை இடைவெளி நன்றாகவே போய், மருந்தை முழுவதுமாக நிறுத்திப் பார்க்கலாமா என்ற எண்ணம் வந்தால், அதற்கான மாதம் ஜூன் அல்ல. புது வகுப்பு, புது ஆசிரியர், புது இடம் என்று எல்லாமே புதிதாக இருக்கும்போது எது மருந்தில்லாததால் வந்தது, எது பழகாததால் வந்தது என்று பிரிக்க முடியாது. பழைய அளவிலேயே பள்ளியைத் தொடங்கி, பிள்ளை வகுப்பில் ஒட்டிக்கொண்ட பிறகு, ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ, காலாண்டுத் தேர்வு நெருங்கும் முன் மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பார்க்கலாம். முடிந்தால் வகுப்பு ஆசிரியரிடம் அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். மருந்து நின்றது தெரிந்தவருக்குப் பிள்ளையின் ஒவ்வொரு அசைவும் அதன் விளைவாகவே தெரியும். வாரக் கடைசியில், 'இந்த வாரம் எப்படி இருந்தான் மிஸ்?' என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.